மூன்று மடக்குத் தண்ணீர்

எங்கள் வீட்டில் சாவு சம்பந்தப்பட்ட காகிதம் எதுவும் வாசற்படியைத் தாண்டக் கூடாது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம்தான் என்றாலும் என் அம்மா அதில் கொஞ்சம் கூடுதல் கெடுபிடி. கருமாதிப் பத்திரிகை வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடியில் போட்டிருக்கும் அச்சகத்தின் பெயர் வரைக்கும் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். யார், எந்த ஊர், என்றைக்குக் காரியம் என்று மனதில் ஏற்றிக்கொண்டதும் பத்திரிகையை நான்காகக் கிழித்து வேலியோரம் போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவாள். பஸ் டிக்கெட்டைக்கூட இரண்டு நாள் பத்திரமாக வைத்திருக்கிறவள் அவள். இந்த ஒரு காகிதத்திடம் மட்டும் இரக்கம் காட்ட மாட்டாள்.

இந்தப் பழக்கம் எனக்கே வந்து முட்டுக்கட்டை போடும் என்று நான் நினைத்ததில்லை.

அப்பா இறந்து இருபது வருடம் ஆகிறது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி விவசாயி. வீட்டுப் பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நாங்களும் மாற்றவில்லை. போன தை மாதம், மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள், அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"ஏம் பாப்பா, நாஞ் சாவறதுக்குள்ள இந்த ஊடு ஒரு நாளைக்காச்சும் என்ற பேர்ல இருக்கோணும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டே பழக்கமில்லாதவள். "அதுக்கென்னம்மா, ஒரு வாரத்துல முடிச்சுத் தாரேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். நாமக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். எதற்கும் ஒரு வழிமுறை உண்டு, படிப்படியாகப் போனால் விடை வந்துவிடும் என்று நம்புகிறவள்.

முதல் படியிலேயே வழுக்கியது. பட்டா மாற வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுச் சான்றுக்கு அப்பாவின் இறப்புச் சான்று வேண்டும் என்று இ-சேவை மையத்தில் இருந்த பெண் சொன்னாள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "பழசெல்லாம் இதுல ஏறலைங்க. ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பாக்கோணும். எறந்த தேதி சொல்லுங்க" என்றாள்.

நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வருடா வருடம் ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டுவிடுவதால் எங்களுக்கு இங்கிலீஷ் தேதி தேவைப்பட்டதே இல்லை.

"ஆடி நோம்பிக்கு ரெண்டு நா முன்னாடி. சனிக்கெழம. செவல மாடு கன்னு போட்ட வருசம்" என்றாள் அம்மா, பளிச்சென்று.

அந்தப் பெண் பாவம், செவலை மாட்டை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாமல் விழித்தாள். நான் வீட்டுக்கு வந்து பழைய காலண்டர்களைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு முந்தைய ஆண்டில் ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் சனிக்கிழமை வரவில்லை. அடுத்த ஆண்டிலும் வரவில்லை. செவலை மாடு எந்த ஆண்டில் கன்று போட்டது என்று சொல்ல அந்த மாடும் இப்போது இல்லை.

அப்பா போனபோது நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன். செய்தி கிடைத்து வந்து சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். அதனால் அவருடைய கடைசி நேரம் என்பது எனக்கு அம்மா சொன்ன கதைதான். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவை முன்னாலேயே பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாமாதான் அப்பாவை ஆம்னி வேனில் கொண்டுவந்தார்.

"உள்ள கட்டல்ல போட்டாங்க. தலைய எடுத்து மடியில வெச்சு மூணு மடக்குத் தண்ணி ஊத்துனேன். குடிச்சாரு. குடிச்சுப் போட்டுத்தான் போனாரு."

இதை அம்மா சொல்லாத இடமில்லை. கல்யாண வீட்டில் சொல்வாள், பால் சொசைட்டியில் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் சொல்வாள். கேட்கிறவர்கள் எல்லாம், "கொடுத்து வெச்ச மனுசன்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் உயிர் சொந்த வீட்டுக்குள் பிரிய வேண்டும். வெளியில் எங்காவது பிரிந்துவிட்டால் உடம்பை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டு அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். காலமெல்லாம் வாழ்ந்த வீட்டு வாசலில் விருந்தாளி போல வெயிலில் கிடக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கதி வரவில்லை. அம்மா கையால் தண்ணீரும் கிடைத்தது. அந்த மூன்று மடக்கை நினைத்து நினைத்துத்தான் இருபது வருடத்தை அவள் தள்ளியிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

தேதிக்கு யாரைக் கேட்பது? நியாயமாக மாமாவை. அம்மாவின் ஒரே தம்பி, ஓய்வு பெற்ற தபால்காரர், பக்கத்து ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளில் வந்து அக்காவிடம் காப்பி குடித்துவிட்டுப் போவார். அப்பாவின் காரியம் முழுவதையும் எடுத்துச் செய்தவர். சுற்றுப்பட்டில் எந்த வீட்டுக்கு எந்தக் கதவு எண் என்று இன்றைக்கும் ஒப்பிப்பார். அவரிடம் கேட்டால், "தேதி மறந்து போச்சு சாமி" என்று சொல்லிவிட்டு சைக்கிள் செயினைக் குனிந்து பார்த்தார். செயின் நன்றாகத்தான் இருந்தது.

சரி, கருமாதிப் பத்திரிகையில் தேதி இருக்குமே என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனேன். கேட்ட இடத்தில் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "அதையெல்லாம் ஆரு சாமி ஊட்டுல வெச்சிருப்பா?" என்றார் பெரியப்பா. பெரியம்மா ஒரு படி மேலே போய், அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்ததற்காகவே என்னைக் கால் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார். ஆறு வீட்டில் ஆறு கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள் இருந்தன. என் காதுகுத்துப் பத்திரிகைகூட ஒரு வீட்டில் இருந்தது. அப்பா இறந்ததற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அப்போதுதான் அச்சகம் நினைவுக்கு வந்தது. அம்மா அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசிப்பதற்கு ஒரு பலன் கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கருமாதிப் பத்திரிகைகள் எல்லாம் திருச்செங்கோட்டில் ஒரே அச்சகத்தில்தான் அடிக்கப்படும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போனேன். முன்பக்கம் கண்ணாடி அலமாரியில் கல்யாணப் பத்திரிகை ஆல்பங்கள் பளபளத்தன. கருமாதிக்கு மாதிரி உண்டா என்று கேட்டதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"இருக்குதுங். ஆனா முன்னாடி வெச்சா யாவாரம் படுத்துரும். எந்த மாசமுங்?"

"ஆடிங்க."

"அப்பச் சுலபம். ஆடியில கல்யாணமே கெடையாது. அந்தக் கட்டுல அது ஒண்ணுதான் இருக்கும்."

பின்னால் போய், பேப்பர் ரீம்களுக்கு அடியிலிருந்து சணல் கட்டிய கட்டுகளை இழுத்துப் போட்டார். அரை மணி நேரத்தில் அப்பா கிடைத்தார். மஞ்சள் படிந்த அட்டை, கறுப்பு ஓரம், அப்பாவின் பெயர். அந்தப் பெயரை அச்சில் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். கடைக்காரர் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

தேதி இருந்தது. கிழமை சனி இல்லை, வியாழன். அந்தத் தேதிக்குப் பக்கத்தில், 'எமது இல்லத்தில் இறைவனடி சேர்ந்தார்' என்று இருந்தது. கடைக்காரர் அதில் விரல் வைத்தார்.

"இல்லத்தில்னு யாரும் போட மாட்டாங்க. இறைவனடி சேர்ந்தார்னு மட்டுந்தான் போடுவோம். உங்க மாமா, அந்தத் தபால்காரருதானுங், ஒத்தக் கால்ல நின்னு சேக்கச் சொன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தேதி கிடைத்த சந்தோஷத்தில் நேராகத் தாலுகா ஆபீசுக்கு ஓடினேன். எங்கள் ஊர்ப் பழைய பதிவேடுகள் அங்கேதான் இருந்தன. அந்த ஆண்டு, அந்த மாதம், ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அந்த ஆடியில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். மூன்றிலும் அப்பா இல்லை. பதிவே செய்யவில்லை போலிருக்கிறது, கோட்டாட்சியர் உத்தரவு வாங்கிப் புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் 'எமது இல்லத்தில்' என்ற சொற்கள் நெருடத் தொடங்கின. வீட்டில் இறந்தவரை வீட்டில் இறந்தார் என்று ஏன் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று அச்சடிக்க வேண்டும்?

வீட்டுக்குப் போகாமல் மாமாவிடம் போனேன். பத்திரிகையை நீட்டினேன். அவரும் அக்காவைப் போலவே எழுந்து கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டுதான் வாங்கிப் பார்த்தார்.

"மாமா, அப்பா எங்க எறந்தாரு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாலத்துல ஏறறப்பக் கண்ணத் தொறந்தாரு சாமி. ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுட்டுத் தண்ணி. 'நெறையப் போவுது மாப்ளே'ன்னாரு. அவ்வளவுதான். பாதி தாண்டறப்ப நின்னு போச்சு."

பாலத்தை இறங்கியதும் பள்ளிபாளையத்தில் ஒரு டாக்டர் வேனுக்கே வந்து பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தாராம். மாமா அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டிரைவரிடம், "ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லு தம்பி" என்று கெஞ்சினாராம். அந்தப் புண்ணியவான், "வண்டி ஓட்டறவன் ரோட்டத்தானுங்க பாப்பான்" என்று சொல்லிவிட்டு வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

"வெளிய போட்டிருப்பாங்க சாமி. அந்த ஊடு அவுரு கல்லுக் கல்லா வெச்சுக் கட்டுனது. அப்பறம் எங்கக்கா ஒரு சொம்புத் தண்ணியோட வாசல்லயே நின்னுட்டிருந்துச்சு. அதப் பாத்ததும், மூச்சிருக்குது, சீக்கிரம் உள்ள தூக்குங்கன்னு கத்திட்டேன். அது தண்ணி ஊத்துச்சு. நாந் தொண்டைய நீவி உட்டேன்."

அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. எனக்கும் கண்ணீர் வந்தது. இவ்வளவு பெரிய பொய்யை இருபது வருடம் ஒரு காப்பி டம்ளருக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"அப்ப எங்கயுமே பதியலையா மாமா?"

"பதிஞ்சேன். பதினாறு கும்பிட்டு முடிஞ்சதும் பஸ் ஏறிப் போயி, டாக்டர் சீட்டக் குடுத்து பள்ளிபாளையத்துலயே பதிஞ்சேன். ஊருக்குப் பொய் சொல்லியாச்சு, அக்காளுக்குச் சொல்லியாச்சு. ரிஜிஸ்டருல எழுத முடியல. முப்பது வருசம் ரிஜிஸ்டர் தபால் குடுத்த கையி."

"சர்ட்டிபிகேட்டு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"எங்க மாமா?"

அவர் இரண்டு கையையும் சேர்த்து வைத்துக் காகிதத்தைக் கிழிப்பது போல அசைத்துக் காட்டினார்.

"ஆபீஸ் வாசல்ல நின்னு படிச்சேன். படிச்சதும் கை தானாக் கிழிச்சிருச்சு சாமி. பழக்கம். பக்கத்துலயே கொழாயில கையும் கழுவிட்டேன்."

அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அரசாங்க முத்திரை போட்ட சான்றிதழைக் கருமாதிப் பத்திரிகை மாதிரி கிழித்துப் போட எங்கள் ஊர்க்காரரால்தான் முடியும். அவரும் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மாகிட்ட மட்டுஞ் சொல்லீராத சாமி. அந்த மூணு மடக்குலதான் அது உசுரு வெச்சிருக்குது."

அங்கேதான் சிக்கல். பள்ளிபாளையத்தில் பதிவேடு கிடைத்துவிட்டது. அந்த அலுவலகத்துப் பெண் அலுங்காமல் எடுத்துக் கொடுத்தார். இறந்த இடம் என்ற கட்டத்தில், மாமாவின் முத்து முத்தான தபால்காரர் கையெழுத்தைப் பார்த்து எழுதியது போல, 'காவிரிப் பாலம், கிழக்குப் பாதி, வாகனத்தில்' என்று இருந்தது. "எந்தப் பாதின்னு இவ்வளவு சுத்தமா எழுதிக் குடுத்தவரு யாருங்க?" என்று அந்தப் பெண் வியந்தார். ஆற்றின் நடுவோடு ஈரோடு முடிந்து எங்கள் மாவட்டம் தொடங்குகிறது. அப்பா நம் பக்கம் வந்த பிறகுதான் போனார் என்பதை மாமா அரசாங்கத்திடம் உறுதியாகச் சொல்லி வைத்திருக்கிறார். வீடு வரைக்கும் கொண்டுவர முடியாதவர், மாவட்டம் வரைக்குமாவது கொண்டுவந்துவிட்டார்.

ஆனால் வாரிசுச் சான்று விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும், இறப்புச் சான்றை அதோடு இணைக்க வேண்டும். படிக்காமல் அவள் எதிலும் கையெழுத்துப் போட மாட்டாள். சான்று என் கைப்பையில் நான்கு நாள் கிடந்தது. வீட்டில் இறந்ததாகப் புதிதாகப் பதிய இரண்டு சாட்சி பிடித்துத் தரட்டுமா என்று ஒரு புரோக்கர் கேட்டார். நான் உடனே மறுத்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு முழு நாள் யோசித்தேன். வீடு அம்மா பெயருக்கு வர வேண்டும் என்பதற்காக அந்த மூன்று மடக்கை அவளிடமிருந்து பிடுங்குவதா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வகுப்பில் பிள்ளைகளைக் கடிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் அம்மாவிடம் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டேன். நான் உள்ளே வராமல் நிற்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கெடைச்சிருச்சா? குடு."

கொடுத்தேன். மேலிருந்து வாசித்தாள். பெயர். பாலினம். தேதி. "அது வியாழக்கெழமம்மா" என்றேன். "வியாழக்கெழமையா?" என்று முணுமுணுத்தாள். பிறகு இறந்த இடம். உதடுகள் மெதுவாக அசைந்தன. ஒரு முறை வாசித்துவிட்டு இரண்டாம் முறையும் வாசித்தாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாதிப் பாலம் தாண்டிட்டாரா?" என்றாள்.

"அம்மா..."

"நா ஆஸ்பத்திரியிலேயே போயிருப்பாருன்னு நெனச்சுட்டிருந்தேன். ஆத்தப் பாத்தாராமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நெறையத் தண்ணி போவுதுன்னு சொன்னாராம். அம்மா, உனக்குத் தெரியுமா?"

"மடியெல்லாம் நனஞ்சு போச்சே, தெரியாமயா? ஊத்துன தண்ணி பூராக் காதோரமா வழிஞ்சுது. உங்க மாமன் தொண்டைய நீவறான், அவன் கை அந்த நடுக்கம் நடுங்குது. மூஞ்சியப் பாத்தேன். ஐயோ பாவம், கொழந்தையாட்டம் நின்னான்."

"அப்பறம் எதுக்கும்மா இருபது வருசமா மூணு மடக்குக் குடிச்சாருன்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்ச?"

அம்மா என்னை, வகுப்பில் மக்குப் பிள்ளையை நான் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நாஞ் சொன்னாத்தான நம்புவாங்க? ஆஸ்பத்திரியில செத்தவனத் தூக்கியாந்து உள்ள போட்டுட்டான்னு உங்க மாமனையல்ல பேசுவாங்க? பொண்டாட்டிக்காரி, நானே ஊத்துனேன், குடிச்சாருன்னு சொன்னா எவன் வாயத் தொறப்பான்?"

பால் சொசைட்டியிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அவள் சொன்னதெல்லாம் ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. இருபது வருடமாகத் தம்பிக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் கணக்கைத் தப்பாகப் போட்டு வைத்திருந்தேன்.

சான்றை அவள் இரண்டாக மடித்தாள். அவள் விரல்கள் அதன் ஓரத்தைப் பிடித்ததும் நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன். "கிழிச்சுப் போடாதம்மா!"

"ஆரு கிழிக்கறா?" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து, தொட்டிப் பக்கம் திரும்பாமல், கை கழுவாமல், சான்றோடு நேராக நடந்தாள். வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றாள். "அவுரையே உள்ள கொண்டாந்தோம். காயிதத்துக்கு என்ன?" என்றாள். பீரோவைத் திறந்து, கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்து மூடினாள்.

விண்ணப்பத்துக்கு நான் நகல் எடுத்துக்கொண்டேன். சித்திரையில் பட்டா அம்மா பெயருக்கு வந்தது. அதை அச்சகப் பெயர் இருக்கிறதா என்று தேடாத குறையாக மூன்று தடவை வாசித்தாள்.

அதற்கு முன்னால், சான்று வீட்டுக்கு வந்த அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே என் முகத்தில் எதையோ தேடினார். அம்மா முன்னமே என்னை எச்சரித்திருந்தாள்: "எனக்குத் தெரியும்னு மாமங்கிட்டச் சொல்லீராத. ஒடஞ்சு போயிருவான்." நான் இரண்டு பேரின் ரகசியத்தோடும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மா காப்பியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, எதையோ பேச்சுவாக்கில் தொடங்கி, வழக்கமான இடத்துக்கு வந்தாள்.

"மூணு மடக்கு ஊத்துனேன். குடிச்சுப் போட்டுத்தான போனாரு தம்பி?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமாக்கா. நாந்தான் பக்கத்துலயே நின்னனே" என்றார்.